‘கெத்தான’ அவே மேட்ச் நினைவுகள்: ரசிகர்களை எல்லாம் ரவுடியாகப் பார்த்ததற்கு இங்கிலாந்து கொடுத்த விலை என்ன?

பிரீமியர் லீக் ரீல்ஸ் பார்க்கிறவரா நீங்கள்? அப்படியென்றால் இந்த மாதிரி ஒரு வீடியோவை அல்காரிதம் எப்படியும் உங்கள் முன் தள்ளியிருக்கும். 1970-கள் அல்லது 80-களின் மங்கலான காட்சி. கழுத்தில் கிளப் நிற ஸ்கார்ஃப் சுற்றிய நூற்றுக்கணக்கான இளைஞர்கள் ரயிலில் இருந்து பாட்டுப் பாடிக்கொண்டே இறங்குவார்கள். இரண்டு பக்கமும் குதிரை போலீஸ். அடுத்த ஷாட்டில் கேலரியில் கைகலப்பு. மேலே ஒரு கேப்ஷன்: ‘அதெல்லாம் ஒரு காலம்!’

இங்கிலாந்தில் இந்த ஏக்கத்துக்கு ஒரு மார்க்கெட்டே இருக்கிறது. முன்னாள் ‘ஹூலிகன்’கள் எழுதிய சுயசரிதைகள் புத்தகக் கடைகளில் தனி வரிசையாக விற்றன. ‘தி ஃபுட்பால் ஃபேக்டரி’ (2004), ‘கிரீன் ஸ்ட்ரீட்’ (2005) என்று படங்களும் வந்தன. வெளியூர் மேட்ச்சுக்குப் போனோம், அடித்தோம், அடி வாங்கினோம், போலீஸுக்குத் தண்ணி காட்டினோம் என்பதுதான் பெரும்பாலான கதைகளின் சுருக்கம்.

அந்தக் கதைகளில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழு உண்மை இல்லை. சிலர் செய்த ரவுடித்தனத்தை வைத்து மேட்ச் பார்க்க வந்த எல்லோரையும் ரவுடியாகவே பார்த்தது அரசு. மைதானங்களும் அந்தப் பார்வையில்தான் மாற்றப்பட்டன. அதன் விலை 1989-ல் தெரிந்தது. 97 உயிர்கள். அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. அரசு அதிகாரிகள் உண்மையை மறைத்தால் தண்டிக்க வழிசெய்யும் மசோதா, ‘ஹில்ஸ்பரோ சட்டம்’ என்ற செல்லப் பெயரோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்ததே 2025 செப்டம்பரில்தான்.

என்ன நடந்தது, ஏன் நடந்தது, நமக்கு இதில் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல, அவே மேட்ச்னா என்ன? அதுல அப்படி என்ன ஸ்பெஷல்?

லீக் கால்பந்தில் ஒவ்வொரு அணியும் மற்ற அணியோடு இரண்டு முறை மோதும். சொந்த ஊரில் ஒன்று (ஹோம்), எதிரணியின் ஊரில் ஒன்று (அவே). டீம் போகிற ஊருக்கெல்லாம் பின்னாலேயே போகிற ரசிகர்கள்தான் அவே ரசிகர்கள்.

இங்கிலாந்து சின்ன நாடு. வடக்கே நியூகாசிலில் இருந்து லண்டன் வரை சாலை வழியே சுமார் 450 கிலோமீட்டர்தான். சனிக்கிழமை காலையில் கிளம்பினால் மேட்ச் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பலாம். ரசிகர்களுக்காகவே ‘ஃபுட்பால் ஸ்பெஷல்’ என்ற பெயரில் குறைந்த கட்டணச் சிறப்பு ரயில்கள் ஓடின. 1960-களில் கையில் கொஞ்சம் காசு புழங்க ஆரம்பித்த தொழிலாளர் வீட்டுப் பையன்களுக்கு, அப்பா அம்மா கூட வராத முதல் பயணமே பல நேரம் இதுதான்.

மைதானத்தின் அமைப்பும் முக்கியம். இரண்டு கோல் போஸ்ட்டுகளுக்கும் பின்னால் இருந்தவை பெரும்பாலும் நின்றுகொண்டே பார்க்கும் படிக்கட்டு கேலரிகள். ‘டெரஸ்’ என்பார்கள். நாற்காலி கிடையாது, சீட் நம்பர் கிடையாது. பெரும்பாலான மேட்ச்களுக்கு வாசலிலேயே காசு கொடுத்து உள்ளே போகலாம். எந்த ஊர்க்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று ஆரம்பத்தில் யாரும் பார்க்கவில்லை.

பிரச்சினையும் இங்கேதான் முளைத்தது. எதிரணியின் தீவிர ரசிகர்கள் நிற்கும் கேலரிக்குள் கூட்டமாகப் புகுந்து, அவர்களைத் துரத்திவிட்டு அந்த இடத்தைப் ‘பிடிப்பது’ ஒரு விளையாட்டாகவே மாறியது. களத்தில் 22 பேருக்கு நடுவே ஒரு மேட்ச், கேலரியில் இன்னொரு மேட்ச்.

அடிதடி நிஜமாவே அவ்வளவு மோசமா?

ஆமாம். அதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

1974 ஆகஸ்ட் 24 அன்று பிளாக்பூல் நகரில் நடந்த பிளாக்பூல் – போல்டன் மேட்ச்சின்போது ஓர் இளம் ரசிகர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அதே சீசனில் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டிருந்த மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகர் படை, சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் படையெடுத்தது. அவர்கள் வருகிற சனிக்கிழமை என்றால் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிய ஊர்கள் உண்டு.

வெளிநாட்டிலும் அதே கதை. 1974-ல் ராட்டர்டாமில் டாட்டன்ஹாம் ரசிகர்கள், 1975-ல் பாரிஸில் லீட்ஸ் ரசிகர்கள் கலவரம் செய்தார்கள். 1977-ல் பிரான்ஸில் நடந்த மோதலுக்குத் தண்டனையாக, மான்செஸ்டர் யுனைடெட் தன் ஹோம் மேட்ச்சை சொந்த மைதானத்தில் ஆட முடியாமல் பிளைமவுத் என்ற தூரத்து ஊரில் ஆட வேண்டியிருந்தது.

1980-களில் இது இன்னும் ‘புரொஃபஷனல்’ ஆனது. ஒவ்வொரு கிளப்புக்கும் ‘ஃபர்ம்’ என்று அழைக்கப்பட்ட கோஷ்டிகள் உருவாகின. வெஸ்ட் ஹாமின் கோஷ்டிக்குப் பெயர் ‘இன்டர் சிட்டி ஃபர்ம்’. போலீஸ் காத்திருக்கும் ஃபுட்பால் ஸ்பெஷலைத் தவிர்த்துவிட்டு, சாதாரணப் பயணிகள் போகும் இன்டர்சிட்டி ரயிலில் போனதால் வந்த பெயர் அது. அடிபட்டவர்கள்மீது தங்கள் பெயர் போட்ட விசிட்டிங் கார்டை வைத்துவிட்டுப் போவார்கள் என்பது அந்தக் கோஷ்டியின் பிரபலக் கதை.

டிரெஸ்ஸும் மாறியது. ஐரோப்பிய மேட்ச்களுக்குப் போன லிவர்பூல் ரசிகர்கள் அங்கிருந்து ஃபிலா, லாகோஸ்ட், செர்ஜியோ டாக்கினி போன்ற விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் பிராண்டுகளை அள்ளி வந்தார்கள். கிளப் ஸ்கார்ஃப் இல்லாமல் பளிச்சென்று டிரெஸ் செய்தால் போலீஸுக்கு அடையாளம் தெரியாது. ‘கேஷுவல்ஸ்’ என்ற ஃபேஷன் இப்படிப் பிறந்ததுதான். இன்று ரெட்ரோ ட்ராக் ஜாக்கெட் என்று நாம் ஆன்லைனில் தேடுவதற்குப் பின்னால் இப்படியும் ஒரு வரலாறு இருக்கிறது.

அந்த நினைவுகளில் யாரெல்லாம் இல்லை?

‘கெத்து’ கதைகளைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆட்கள். வெள்ளையின ஆண்கள், அப்போது இளைஞர்கள். அதே மைதானத்தில் இருந்த மற்றவர்களின் நினைவு வேறு மாதிரி.

1982 ஏப்ரலில் கிறிஸ்டல் பேலஸ் மைதானத்தில் செல்சிக்கு ஓர் அவே மேட்ச். சப்ஸ்டிட்யூட்டாக இறங்க பால் கனோவில் வார்ம்-அப் செய்தார். செல்சி முதல் அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர். அவரைக் கேவலமான இனவெறி வார்த்தைகளால் கூட்டமாகத் திட்டியது எதிரணி ரசிகர்கள் அல்ல. செல்சி ஜெர்சியைக் கொண்டாட ஊர்விட்டு ஊர் வந்த செல்சியின் சொந்த ரசிகர்கள்.

1988-ல் எவர்ட்டன் மைதானத்தில் லிவர்பூல் வீரர் ஜான் பார்ன்ஸ், கேலரியில் இருந்து தன் மேல் வீசப்பட்ட வாழைப்பழத்தைக் குதிகாலால் தட்டிவிடும் போட்டோ இன்றும் உலகப் புகழ். ‘நேஷனல் ஃப்ரன்ட்’ என்ற தீவிர வலதுசாரிக் கட்சி மைதான வாசல்களில் நின்று ஆள் சேர்த்த காலம் அது. கறுப்பின, தெற்காசியக் குடும்பங்கள் பல, மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே வாழ்ந்தும் சனிக்கிழமைகளில் வெளியே வரத் தயங்கின. அவர்களிடம் போய் ‘அதெல்லாம் ஒரு காலம்’ என்று சொன்னால், தலையாட்டுவார்கள். ஆனால் ஏக்கத்தோடு அல்ல.

இதைவிடப் பெரிய கூட்டம் ஒன்றும் அந்தக் கதைகளில் இல்லை. யாரையும் அடிக்காமல், எதையும் உடைக்காமல், மழையில் நனைந்து டீம் தோற்பதைப் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலில் வீடு திரும்பிய சாதாரண ரசிகர்கள். அவே ரசிகர்களில் மிகப் பெரும்பான்மை இவர்கள்தான். ஆனால் போலீஸும் பத்திரிகைகளும் அரசும் இந்தப் பிரிவினையைப் பார்க்கவில்லை.

அரசு என்ன செய்தது?

ஒரே வார்த்தையில் சொன்னால், கூண்டு.

கேலரிக்கும் மைதானத்துக்கும் நடுவே இரும்பு வேலி எழுந்தது. பல இடங்களில் மேலே ஏற முடியாதபடி முனை உள்நோக்கி வளைக்கப்பட்டது. டெரஸ்கள் குறுக்குக் கம்பிகளால் தனித்தனிப் பட்டிகளாகப் பிரிக்கப்பட்டன. ஆங்கிலத்திலும் அதற்கு ஆடு மாடு அடைக்கும் பட்டி என்ற அதே சொல்தான்: ‘பென்’. அவே ரசிகர்களை ஸ்டேஷனில் இருந்து போலீஸ் வளையத்துக்குள் நடத்திக் கூட்டிவந்து, பட்டிக்குள் அடைத்து, மேட்ச் முடிந்த பிறகும் உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை பூட்டி வைப்பது வழக்கமானது.

1985 மார்ச் 13 அன்று லூட்டன் டவுன் மைதானத்தில் நடந்த எஃப்.ஏ. கோப்பை காலிறுதியில் மில்வால் பக்கம் நின்ற கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, நாற்காலிகளைப் பிடுங்கி போலீஸ் மீது வீசியது. நாடே டிவியில் பார்த்தது. பிரதமர் மார்கரெட் தாட்சர் இதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவே கையில் எடுத்தார். எல்லா ரசிகர்களுக்கும் தேசிய அளவில் அடையாள அட்டை என்ற திட்டம் முன்வைக்கப்பட்டது.

லூட்டன் ஒருபடி மேலே போனது. 1986-87 முதல் 4 சீசன்களுக்கு அவே ரசிகர்களுக்கே தடை. இதனால் முதல் ஆண்டில் லீக் கோப்பையில் இருந்தே லூட்டன் நீக்கப்பட்டது. செல்சி தலைவர் கென் பேட்ஸ் தன் மைதானத்தில் மின்வேலியே போட்டார். லண்டன் மாநகர நிர்வாகம் தடுத்ததால் அதில் கரன்ட் மட்டும் ஓடவில்லை.

கால்பந்து என்பது கீழ்த்தரமான மைதானங்களில் கீழ்த்தரமான மக்கள் பார்க்கும் கீழ்த்தரமான விளையாட்டு என்ற தொனியில் 1985 மே மாதம் ‘சண்டே டைம்ஸ்’ தலையங்கம் எழுதியது. மேட்ச்சுக்குப் போகிறவர் என்றாலே இன்ன மாதிரி ஆள் என்று முத்திரை குத்தியாகிவிட்டது.

ஒரே நாள், இரண்டு மைதானங்கள்

1985 மே 11. இந்த ஒரு நாளைப் புரிந்துகொண்டால் மொத்தக் கதையும் புரியும்.

பர்மிங்ஹாமில் அன்று லீட்ஸ் ரசிகர்களும் உள்ளூர் ரசிகர்களும் மோதிக்கொண்டார்கள். கலவரத்தின் முடிவில் ஒரு சுவர் இடிந்து விழுந்து 15 வயதுச் சிறுவன் இறந்தான்.

அதே நேரத்தில் பிராட்ஃபோர்டு மைதானத்தில் கலவரம் எதுவும் இல்லை. அணி சாம்பியன் ஆன கொண்டாட்டம் மட்டுமே. மரத்தால் ஆன பழைய கேலரி, அடியில் பல ஆண்டுக் குப்பை. அணைக்காமல் விழுந்த ஒரு தீப்பொறி போதுமானதாக இருந்தது. சில நிமிடங்களில் மொத்த கேலரியும் எரிந்தது. பின்பக்கக் கதவுகள் பல பூட்டியிருந்தன. அந்தப் பக்கம் ஓடியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 56 பேர் இறந்தார்கள்.

மற்றவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? அந்த கேலரிக்கு முன்னால் மட்டும் வேலி இல்லை. முன்பக்கச் சுவரைத் தாண்டி மைதானத்துக்குள் குதித்தார்கள். வேலி இருந்திருந்தால் பலி எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்த 18-வது நாள், மே 29. பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் ஹெய்சல் ஸ்டேடியம். ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டிக்கு முன் லிவர்பூல் ரசிகர்களில் ஒரு கூட்டம் பக்கத்துப் பகுதியில் இருந்த யுவென்டஸ் ரசிகர்களை நோக்கிப் பாய்ந்தது. பயந்து ஓடியவர்கள் சுவரோரம் நசுங்கினார்கள். சுவர் இடிந்தது. 39 பேர் பலி, பெரும்பாலானவர்கள் இத்தாலியர்கள். 14 லிவர்பூல் ரசிகர்கள் பின்னர் தண்டிக்கப்பட்டார்கள். மைதானம் பாழடைந்து கிடந்ததும், இரு தரப்பையும் பிரிக்கப் பேருக்கு ஒரு கம்பி வலை மட்டுமே இருந்ததும், போலீஸ் ஏற்பாடு சொதப்பியதும் காரணங்கள். பெல்ஜிய அதிகாரிகள் சிலரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. ஆங்கிலேய கிளப்புகளுக்கு ஐரோப்பாவில் 5 ஆண்டு தடை, லிவர்பூலுக்கு 6.

அதே மாதத்தில் இரண்டு பாடங்கள். ‘சண்டையைத் தடு’ என்றது ஹெய்சல். ‘வெளியேற வழி விடு’ என்றது பிராட்ஃபோர்டு. முதல் பாடம் மட்டும்தான் காதில் விழுந்தது. வேலிகள் அப்படியே நின்றன.

ஹில்ஸ்பரோ: இரு தரப்புக்குமே அவே மேட்ச்

1989 ஏப்ரல் 15. லிவர்பூல் – நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. பொது இடமாக ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். அதாவது இரண்டு பக்க ரசிகர்களுக்கும் இது வெளியூர்.

லிவர்பூல் ரசிகர்களுக்கு ‘லெப்பிங்ஸ் லேன்’ என்ற குறுகலான பக்கம் ஒதுக்கப்பட்டது. அங்கே நின்று பார்க்க டிக்கெட் வாங்கியவர்கள் சுமார் 10,100 பேர். அவர்கள் உள்ளே போக இருந்தவை 7 சுழல் வாசல்கள். கணக்குப் போட்டால் ஒரு வாசலுக்கு 1,400 பேருக்கு மேல். அதே மைதானத்தில் 1981-லேயே அரையிறுதி ஒன்றில் நெரிசல் ஏற்பட்டு 38 பேர் காயமடைந்திருந்தார்கள். எச்சரிக்கை இல்லாமல் இல்லை.

மேட்ச் தொடங்கும் நேரம் மதியம் 3 மணி. வெளியே நெரிசல் ஆபத்தாக மாறியதும், 2.52-க்கு ‘கேட் சி’ என்ற பெரிய வெளியேறும் கதவைத் திறக்க போலீஸ் கமாண்டர் டேவிட் டக்கன்ஃபீல்டு உத்தரவிட்டார். உள்ளே போனவர்களுக்கு நேர் எதிரே ஒரு சுரங்கப்பாதை. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப் பட்டிகளுக்குப் போகும் வழி. இரண்டு ஓரங்களிலும் இருந்த பட்டிகளில் இடம் இருந்தது. ஆனால் சுரங்கப்பாதையை மூடி அந்தப் பக்கம் திருப்பிவிட யாரும் இல்லை.

பின்னால் இருந்து வந்தவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. முன்னால் இருந்தவர்களுக்கு நகர இடம் இல்லை. முன்னே இரும்பு வேலி, பக்கவாட்டில் கம்பி. நின்றபடியே மூச்சுத் திணறினார்கள். சிலர் உயிர் பிழைக்க வேலியில் ஏறினார்கள்.

அப்போது போலீஸ் என்ன செய்தது? ஆரம்பத்தில், ஏறியவர்களில் சிலரைத் திரும்ப உள்ளேயே தள்ளியது. மைதானத்துக்குள் புகுந்து கலாட்டா செய்ய வருகிறார்கள் என்று நினைத்தார்கள்! பத்து வருடமாகப் பழகிய கண்ணுக்கு, சாகிறவரும் ரவுடியாகத்தான் தெரிந்தார்.

3.06-க்கு மேட்ச் நிறுத்தப்பட்டது. விளம்பரப் பலகைகளைப் பெயர்த்து ஸ்ட்ரெச்சர் ஆக்கி, அடிபட்டவர்களைத் தூக்கி ஓடியவர்கள் ரசிகர்கள்தான். இறந்தவர்களில் மிக இளையவருக்கு வயது 10. மூளை பாதிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர் 2021-ல் இறந்தபோது பலி எண்ணிக்கை 97 ஆனது.

பழி யார் மேல் விழுந்தது?

ரசிகர்கள் மேல்.

ரசிகர்கள் கேட்டை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று அன்று மதியமே டக்கன்ஃபீல்டு கால்பந்துச் சங்க அதிகாரிகளிடம் சொன்னார். கேட்டைத் திறக்கச் சொன்னது அவர்தான். அது பொய் என்று அவரே ஒப்புக்கொள்ள 2015 ஆனது. 4 நாள் கழித்து ‘தி சன்’ நாளிதழ், இதுதான் உண்மை என்ற பொருளில் தலைப்புப் போட்டு, ரசிகர்கள் இறந்தவர்களின் பாக்கெட்டில் திருடினார்கள் என்றெல்லாம் எழுதியது. 2012-ல் மன்னிப்புக் கேட்டது. ஆனால் லிவர்பூல் பகுதியில் அந்தப் பேப்பரைப் புறக்கணிப்பவர்கள் இன்றும் ஏராளம்.

குடித்திருந்தார்களா என்று பார்க்க, இறந்த குழந்தைகளின் ரத்தம் உட்பட எல்லோருடைய ரத்தத்திலும் ஆல்கஹால் பரிசோதனை நடந்தது.

நீதிபதி டெய்லர் தலைமையிலான விசாரணை 1989 ஆகஸ்ட்டிலேயே தெளிவாகச் சொன்னது: முக்கியக் காரணம் போலீஸ் கட்டுப்பாடு தவறியது. ஆனாலும் 1991-ல் மரண விசாரணை மன்றம் ‘விபத்து’ என்றே தீர்ப்பளித்தது. குடும்பங்கள் விடவில்லை. 2012-ல் சுயாதீனக் குழு ஆவணங்களைத் திறந்தபோது 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தது வெளியே வந்தது. அவற்றில் 116-ல் போலீஸுக்கு எதிரான வரிகள் நீக்கப்பட்டிருந்தன. 2016-ல், அதாவது 27 ஆண்டுகளுக்குப் பிறகு, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை என்று புதிய தீர்ப்பு வந்தது.

தண்டனை? டக்கன்ஃபீல்டு 2019-ல் விடுவிக்கப்பட்டார். வாக்குமூலத் திருத்த வழக்கு 2021-ல் நிற்காமல் போனது. ஹில்ஸ்பரோ மைதானத்தின் கிளப் செயலாளராக இருந்தவருக்கு, சுழல் வாசல் ஏற்பாட்டில் செய்த பாதுகாப்புக் குறைபாட்டுக்காக 6,500 பவுண்டு அபராதம். அவ்வளவுதான்.

அதன் பிறகு என்ன மாறியது?

டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. வேலிகள் அகற்றப்பட்டன. அடையாள அட்டைத் திட்டம் கைவிடப்பட்டது. மேல்நிலை டிவிஷன் மைதானங்கள் முழுக்க நாற்காலிகளுக்கு மாறின. சிசிடிவி வந்தது. கலாட்டா செய்பவர் யார் என்று கண்டுபிடித்து, அவரை மட்டும் மைதானத்துக்கு வராமல் தடுக்கும் நீதிமன்ற உத்தரவுகள் வலுப்பட்டன. கூட்டத்தை அடைப்பதற்குப் பதில் ஆளைப் பிடிப்பது என்ற மாற்றம் இது.

ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. ஹெய்சலுக்குப் பிறகு 1985-ல் லிவர்பூலில் தொடங்கிய கால்பந்து ரசிகர்கள் சங்கம் அடையாள அட்டையை எதிர்த்துப் போராடியது. ரசிகர்களே நடத்திய சிறுபத்திரிகைகள் இனவெறியைக் கேலி செய்தன, கண்டித்தன.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1992-ல் பிரீமியர் லீக் வந்தது, டிவி பணம் கொட்டியது, டிக்கெட் விலை எகிறியது. நின்று பார்த்த தொழிலாளர் வீட்டுப் பையனால் உள்ளே நுழையவே முடியாத நிலை. அவே ரசிகர்கள் போராடித்தான் 2016-17 முதல் அவர்களுக்கான டிக்கெட் விலைக்கு 30 பவுண்டு உச்சவரம்பு கிடைத்தது. 2022 ஜனவரியில் சில மைதானங்களில், ஒவ்வொரு வரிசைக்கும் தடுப்புக் கம்பியோடு, நின்று பார்க்க மறுபடியும் அனுமதி வந்தது. நிற்பது ஆபத்து இல்லை, அடைத்து வைப்பதுதான் ஆபத்து என்பதை ஏற்றுக்கொள்ள இத்தனை ஆண்டுகள்.

பழைய அவே மேட்ச் ஏக்கத்தில் நியாயமான பகுதி இதுதான். கம்மி விலை டிக்கெட், நண்பர்களோடு ரயில், தோளோடு தோள் நின்று பாடிய பாட்டு. இதைத் தவறவிட்டதாக நினைப்பதில் தப்பே இல்லை. அதோடு சேர்த்து அடிதடியையும் ‘கெத்து’ பேக்கேஜாக விற்பதில்தான் சிக்கல்.

போலீஸ் விறைத்தால் கூட்டமும் விறைக்குமா?

விறைக்கும் என்கிறது ஆராய்ச்சி. கூட்ட உளவியல் ஆய்வாளர் கிளிஃபர்டு ஸ்டாட் போன்றவர்கள் சொல்வது இது: கூட்டத்தில் எல்லோரையும் எதிரியாக நடத்தினால், அதுவரை சும்மா இருந்தவர்களும் ‘நாம் எல்லோரும் ஒரு பக்கம், போலீஸ் இன்னொரு பக்கம்’ என்று உணர ஆரம்பிப்பார்கள். பத்துப் பேர் கலாட்டாவுக்கு ஆயிரம் பேர் ஆதரவு கிடைத்துவிடும்.

போர்ச்சுகலில் நடந்த யூரோ 2004-ல் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். முக்கிய நகரங்களில் ஹெல்மெட், லத்தி இல்லாத போலீஸார் ரசிகர்களோடு பேசிக்கொண்டே சுற்றினார்கள். கலவரப் போலீஸ் கண்ணில் படாமல் பின்னால் காத்திருந்தது. அந்த நகரங்களில் இங்கிலாந்து ரசிகர்களால் பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை.

இதெல்லாம் பழைய கதைதானே?

இல்லை. அவே ரசிகர்களை மொத்தமாகத் தடுப்பது இன்றும் பல நாடுகள் கையில் எடுக்கும் முதல் ஆயுதம். அர்ஜென்டினா 2013-ல் தடுத்தது. பிரான்ஸில் மேட்ச் வாரியாகத் தடை வருவது சகஜம்.

2025 நவம்பரில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான மேட்ச்சுக்கு இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவ் ரசிகர்கள் வரத் தடை விதிக்கப்பட்டது. அந்த கிளப்பின் ரசிகர்கள் 2024-ல் ஆம்ஸ்டர்டாமில் மோதல்களில் சிக்கியிருந்தது உண்மை. அங்கே அவர்கள் தாக்கியதும் உண்டு, தாக்கப்பட்டதும் உண்டு. தடை சரியா என்பதில் பிரிட்டனே இரண்டாகப் பிரிந்தது. ஆனால் தடைக்காக போலீஸ் தந்த தகவலில், வெஸ்ட் ஹாமோடு நடந்ததாக ஒரு மேட்ச் இருந்தது. அப்படி ஒரு மேட்ச் நடக்கவே இல்லை! ஏஐ கருவி கற்பனை செய்து கொடுத்தது அது என்று போலீஸ் தலைவர் பின்னர் நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். ரசிகர்கள் என்றால் எதையும் நம்பிவிடலாம் என்ற பழக்கம் 1989-க்கு மட்டும் சொந்தம் இல்லை.

2022 அக்டோபர் 1, இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் ஸ்டேடியம். மோதல் வரும் என்று அவே ரசிகர்களை அனுமதிக்கவே இல்லை. உள்ளூர் அணி தோற்றதும் சில ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். போலீஸ் கேலரியை நோக்கியே கண்ணீர்ப்புகை குண்டு வீசியது. குறுகலான வாசல்களில் நசுங்கியும் மூச்சுத் திணறியும் 135 பேர் இறந்தார்கள். எதிரணி ரசிகர் ஒருவர்கூட இல்லாத மைதானம் அது.

நம் நாட்டிலும் 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் மேட்ச்சில் மூண்ட மோதலிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் ஆர்சிபி வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்த 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். அங்கே எதிரணியே கிடையாது.

ஹில்ஸ்பரோ சட்டம் என்ன சொல்கிறது?

மூன்று விஷயங்கள் முக்கியம்.

– பெரிய அசம்பாவிதம் நடந்தால், விசாரணையில் உண்மையைச் சொல்வது அரசு அமைப்புகளுக்கும் அதிகாரிகளுக்கும் சட்டப்படியான கடமை.

– பொதுமக்களைத் தெரிந்தே தவறாக வழிநடத்தினால் அது கிரிமினல் குற்றம்.

– விசாரணையில் அரசுத் தரப்பு பெரிய வக்கீல்களோடு வரும்போது, இறந்தவர்களின் குடும்பத்துக்கும் அரசு செலவில் சட்ட உதவி.

உளவு அமைப்புகளுக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற கேள்வியில் இழுபறி ஏற்பட்டது. அதிகாரிகள் மேல் தானாகவே விழ வேண்டிய ஒரு கடமைக்காகக் குடும்பங்கள் இத்தனை ஆண்டுகள் அலைய வேண்டியிருந்தது என்பதுதான் உறுத்தல்.

அப்போ நாம என்ன கவனிக்கணும்?

அடுத்த முறை எங்கேயாவது நெரிசல், கலவரம் என்று செய்தி வந்து, ‘கூட்டம் கட்டுக்கடங்கலை’, ‘குடிச்சிருந்தாங்க’, ‘கேட்டை உடைச்சாங்க’ என்று முதல் தகவல் ஓடும்போது, ஷேர் பண்ணுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

1. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்திருந்தது? அவர்களுக்கு எத்தனை வாசல்கள் திறந்திருந்தன?

2. வெளியேறும் வழி திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா?

3. அதே இடத்தில் இதற்கு முன் எச்சரிக்கை ஏதாவது இருந்ததா?

4. ‘கூட்டத்தின் தப்பு’ என்று முதலில் சொன்னவர் யார்? அந்த ஏற்பாட்டுக்குப் பொறுப்பும் அவரேதானா?

இந்த நான்கு கேள்விகளுக்கும் ஹில்ஸ்பரோவில் 1989 ஏப்ரலிலேயே பதில் இருந்தது. ரசிகர்கள் என்றால் ரவுடிகள்தானே என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டதால், அந்தப் பதில் தீர்ப்பாக மாற 27 ஆண்டுகள் ஆனது.